தேவசித்தம் என்று எதைச் சொல்லலாம்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வழக்கம்போல விட்டுவிட்டேன். எங்கள் தமிழக-கேரள எல்லைப்பகுதியில் ஊர்ப்பெயரைப் போட்டாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அருகிலுள்ள பெரிய ஊரின் பெயரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பாறசாலையிலிருந்து ஒருவர்: என் அப்பாவுக்கு 78 வயது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் 23 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். ஒருமுறைகூடக் கண் திறக்கவில்லை. இனி மீள மாட்டார் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இயந்திரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டால் பதில் சொல்லவில்லை. ரப்பர் நின்ற 20 சென்ட் நிலத்தை அதற்குள் விற்றாயிற்று. கடைசியில் சொந்தப் பொறுப்பில் கொண்டுபோகிறோம் என்று நான் எழுதிக் கொடுத்து, ஆம்புலன்சில் கையால் சுவாசப் பையை அழுத்திக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். போதகர் ஜெபம் செய்தபின் குழாயை எடுத்தார்கள். நாற்பது நிமிடம் இருந்தார். “தேவன் எடுக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும், அப்பாவை நீ கொன்றுவிட்டாய்” என்று சொன்ன அக்கா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. நான் செய்தது கொலையா?

கொலை அல்ல. காரணங்களை வாசித்து முடிக்கும்வரை உங்களைக் காக்கவைப்பது நியாயமில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அக்கா சொன்னதைத் துக்கத்தில் பேசிய பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குள் சில நூற்றாண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு இருக்கிறது.

உயிரைக் காப்பதற்காக எல்லாவற்றையும் செய்தே தீர வேண்டுமா என்ற கேள்வி வென்டிலேட்டரோடு பிறந்ததல்ல. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்காவில் கற்பித்த டொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இதைச் சாப்பாட்டை வைத்தே விளக்கினார். கோழியும் கௌதாரியும் தின்றுவந்தால் இன்னும் 20 ஆண்டு வாழலாம் என்று மருத்துவர் சொல்கிறார். நோயாளியோ முட்டையும் எளிய உணவும் போதும் என்று இருந்துவிடுகிறார். அவர் பாவம் செய்யவில்லை என்றார் வித்தோரியா. உயிரைப் பேணும் கடமை உண்டு, ஆனால் அது எந்த விலை கொடுத்தும், எந்த வழியிலும் என்று விரிந்துபோவதில்லை. இந்தச் சிந்தனையிலிருந்துதான் சாதாரண வழி, அசாதாரண வழி என்ற பாகுபாடு வளர்ந்தது. பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குளுக்கோஸ் சாதாரணம், வென்டிலேட்டர் அசாதாரணம் என்று கருவிகளைப் பட்டியலிடுவதல்ல இது. சாலை விபத்தில் அடிபட்ட 25 வயதுப் பையனுக்கு மூன்று நாள் வென்டிலேட்டர் வைத்தால் அவன் எழுந்து நடப்பான் என்றால், அவனுக்கு அது சாதாரண வழிதான், எடுத்துவிடுவது குற்றம். அதே இயந்திரம் உங்கள் அப்பாவின் விஷயத்தில் மீட்சிக்கு வழியாக இல்லாமல், சாவின் நேரத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தரும் பயனும் சுமத்தும் பாரமும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றனவா என்பதே கேள்வி.

மயக்க மருந்து நிபுணர்கள் இதே கேள்வியைச் செயற்கைச் சுவாசக் கருவியைக் குறித்துப் போப் 12-ஆம் பயஸிடம் கேட்டார்கள். நம்பிக்கையற்ற நிலையில் அந்தக் கருவியைத் தொடரும் கடமை மருத்துவருக்கும் இல்லை, குடும்பத்துக்கும் இல்லை என்று 1957 நவம்பர் 24 அன்று அவர் பதில் சொன்னார். 1980-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, குடும்பத்தின்மீது மிதமிஞ்சிய செலவைச் சுமத்த விரும்பாமையும் சிகிச்சையை மறுக்கத் தக்க காரணமே என்று வெளிப்படையாகக் கூறுகிறது. ஆகவே அந்த 20 சென்ட்டை நினைத்து வெட்கப்படாதீர்கள். காசுக்காக அப்பாவை விட்டுவிட்டான் என்று ஊரில் யாராவது பேசினால், செலவைக் கணக்கில் எடுப்பது உயிருக்கு விலை போடுவது ஆகாது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

போப்பாண்டவர் சொன்னது நம்மைக் கட்டாது, நாம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அல்லவா என்று அக்கா கேட்கலாம். புரொட்டஸ்தாந்து ஒழுக்கவியலாளர்களில் இதை ஆழமாக ஆராய்ந்தவர் அமெரிக்க மெதடிஸ்டான பால் ராம்சே. 1970-இல் அவர் வைத்த வாதத்தின் சாரம் இது: சாகிறவரைக் குணப்படுத்த இயலாது என்ற கட்டம் வந்தபின், அவரிடம் நமக்கு இருக்கும் கடமை முடிந்துபோவதில்லை, அது உருமாறுகிறது, குணப்படுத்தும் கடமை உடனிருந்து பராமரிக்கும் கடமை ஆகிறது. சிகிச்சையை நிறுத்தலாம், பராமரிப்பை நிறுத்தக் கூடாது. இந்த ஒரு வரியைக் கொண்டு உங்கள் செயலை அளந்து பார்க்கச் சொல்வேன். அளந்தால் ஓரிடத்தில் குறை தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கொல்வதும் சாகவிடுவதும் வெவ்வேறு என்பதையே மறுப்பவர்கள் இருக்கிறார்கள். மெய்யியலாளர் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975-இல் ஒரு கதையைக் கொண்டு அதைக் கேள்விக்குள்ளாக்கினார். சொத்துக்காக ஒருவன் சிறுவனைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறான். இன்னொருவன் அதே எண்ணத்தோடு உள்ளே போகும்போது சிறுவன் தானே வழுக்கி விழுந்து மூழ்குகிறான். அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்கிறான். இருவரில் யார் மேல்? யாரும் மேல் இல்லை. அப்படியென்றால் செய்வதற்கும் செய்யாதிருப்பதற்கும் ஒழுக்க வேறுபாடு இல்லை என்பது ரேச்சல்ஸின் முடிவு. எனக்கு அந்த முடிவு பிடிபடவில்லை. அந்த இருவரும் சிறுவன் சாக வேண்டும் என்று விரும்பினார்கள், அதனால் இருவரும் ஒரே குற்றவாளிகள். கதை காட்டுவது நோக்கம் எவ்வளவு முக்கியம் என்பதைத்தான். நீங்கள் அப்பா சாக வேண்டும் என்று விரும்பினீர்களா? குழாயை எடுத்தபின் அவர் தானாக மூச்சு விடத் தொடங்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மகிழ்ந்து மறுபடியும் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருப்பீர்கள் என்றால், நீங்கள் சாவைக் குறிவைக்கவில்லை. சாவைக் குறிவைப்பவன் அந்த மூச்சையும் நிறுத்த வேறு வழி தேடுவான்.

இனி, தேவன் எடுக்கும்வரை என்ற சொல்லுக்கு வருகிறேன். 23 நாளும் அந்த அறையில் நடந்தது தேவனுக்குக் காத்திருத்தல் அல்ல. காற்றை உள்ளே தள்ளியது ஒரு இயந்திரம். அதை வைக்கச் சொன்னது ஒரு மனித முடிவு, ஒவ்வொரு காலையும் தொடரச் சொன்னது இன்னொரு மனித முடிவு. தொடர்வதைத் தேவசித்தம் என்றும் நிறுத்துவதை மனிதன் கை என்றும் பிரிக்க வேதத்தில் எனக்கு ஆதாரம் தெரியவில்லை. முடிவெடுப்பது பயமாக இருக்கும்போது, எடுக்காமல் இருப்பதற்கு நாம் தேவன் பெயரை வைக்கிறோம். அக்காவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, நானும் செய்திருக்கிறேன். என் தகப்பனார் கடைசியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று அவருடைய வலது கையைக் கட்டிலின் கம்பியோடு கட்டுத்துணியால் கட்டியிருந்தார்கள். அரைமணி நேரம் பார்க்க விடுவார்கள். அந்த அரைமணியில் நான் ஜெபம் பண்ணினேன், முடிச்சைத் தளர்த்தினேன், மணி அடித்ததும் மறுபடி இறுக்கிவிட்டு வெளியே வந்தேன். ஒன்பது நாள். கட்டை அவிழ்க்கச் சொல்லும் உரிமை மகனாகிய எனக்கு இருந்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் செயலில் உள்ள குறை கொலை அல்ல, ஆயத்தமின்மை. அதில் பெரும்பங்கு உங்களுடையதும் அல்ல. 2018 மார்ச் 9-இல் உச்சநீதிமன்றம், மீள முடியாத நிலையில் செயற்கைச் சிகிச்சையை விலக்கிக்கொள்வதையும், அதைக் குறித்து ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தையும் ஏற்றுக்கொண்டது. அந்த நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் எழுதிவைக்கலாம். எழுதி வைக்காதவர்களின் விஷயத்திலும், மருத்துவமனையிலேயே ஒரு மருத்துவர் குழு பார்த்து, இரண்டாவது குழு உறுதிசெய்து, குடும்பத்தின் சம்மதத்தோடு இயந்திரத்தை விலக்கலாம். இதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினார்கள். அதனால் உங்கள் அப்பாவின் கடைசி நாற்பது நிமிடத்தில் மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்தோ, அதைக் கொடுக்கத் தெரிந்தவரோ பக்கத்தில் இல்லை. ராம்சே சொன்ன பராமரிப்பு தளர்ந்த இடம் அதுதான். இத்தனைக்கும் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் (வேதனை தணிக்கும் பராமரிப்பு) இயக்கம் ஊர்தோறும் பரவி, 2008-இல் அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்த மாநிலத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியரை முந்தின நாளே அழைத்திருக்கலாம். அடுத்த வீட்டில் இப்படி ஒரு நிலை வரும்போது நீங்கள் சொல்ல வேண்டியது இதைத்தான்.

அக்காவிடம் வாதாடாதீர்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அனுப்பவும் வேண்டாம். அவர் அப்பாவோடு 23 நாளும் இருந்தாரா, தூரத்தில் இருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. கையொப்பம் போட அவரைக் கேட்காமல் நீங்கள் மட்டும் போட்டிருந்தால், மன்னிப்புக் கேட்க வேண்டியது அதற்கு மட்டும்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: அம்மைக்கு 82 வயது, இரைப்பையில் புற்றுநோய், முற்றிவிட்டது. அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். இது பொய்ச்சாட்சி, எட்டாம் கட்டளைக்கு விரோதம் என்கிறாள் என் மனைவி. உண்மையைச் சொன்னால் அம்மை அன்றைக்கே உடைந்துபோவார்கள். அன்பினால் சொல்லும் பொய்யும் பாவமா?

கத்தோலிக்கரான உங்களுக்கு எட்டாம் கட்டளை, எங்கள் சபையில் ஒன்பதாம் கட்டளை. எண் எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான்.

உங்கள் கேள்வியை ஏறத்தாழ இதே வடிவில் கி.பி. 420-ஐ ஒட்டி ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். சாகக் கிடக்கிற ஒருவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான். மகன் எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடுவார். எந்தப் பொய்யும் கூடாது என்பதில் அகுஸ்தீனைவிடக் கண்டிப்பானவர் திருச்சபை வரலாற்றில் குறைவு. அவரே அந்த இடத்தில் தாம் கலங்குவதை ஒப்புக்கொள்கிறார், ஆனாலும் முடிவை மாற்றவில்லை. இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸும் பொய் எப்போதும் பாவம் என்றார், ஆனால் உண்மையை விவேகத்தோடு மறைத்துவைக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தார். 1797-இல் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட், நண்பனைக் கொல்லத் தேடிவருகிறவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்றார். அதை ஏற்றுக்கொள்கிறவர்கள் இன்று அதிகமில்லை. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் பார்வோனிடம் சாக்குச் சொன்ன மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்ததாக எழுதியிருக்கும்போது, நானும் காண்ட் பக்கம் நிற்கத் துணிய மாட்டேன்.

ஆனால் உங்கள் அம்மை பார்வோனும் அல்ல, கொலைகாரனும் அல்ல. ஜெர்மானிய லூத்தரன் போதகர் போன்ஹோஃபர் 1943-இல் நாஜிச் சிறையில் இருந்தபடி, உண்மை சொல்வது என்றால் என்ன என்று ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார், முடிக்கவில்லை. யார், யாரிடம், எந்த உறவில் நின்று பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தே உண்மை உண்மையாகிறது என்பது அதன் உள்ளீடு. கேட்க உரிமையில்லாதவனிடம் மறைப்பது ஒன்று. அந்த உடம்பும் அந்த நாட்களும் யாருக்குச் சொந்தமோ அவரிடமே மறைப்பது வேறு.

என் பெரியம்மாவுக்கும் வயிற்றுப்புண் என்றுதான் சொல்லியிருந்தோம். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனபோது நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். எதிரில் பலகை மலையாளத்தில் இருந்தது. அவருக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும் என்று பிள்ளைகள் எல்லோருக்கும் நினைப்பு. 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது என்பதும், பெரியம்மா நாலாம் வகுப்புவரை படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில் என்பதும் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. உதட்டை அசைத்து அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவதை நான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அமரவிளை தாண்டும்போது, “மக்களே, இந்தக் கம்மலை மூத்தவளுக்குக் கொடுத்திடணும்” என்றார். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதமும் நாங்கள் அவரிடம் அல்சர் என்றோம், அவரும் எங்களிடம் “அல்சர்தானே, ஆறிடும்” என்றார். எங்களைக் காப்பாற்றுவதற்காக அவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே அன்பினால் சொல்லும் பொய் பாவமா என்று கேட்பதைவிட, அந்தப் பொய் உங்கள் அம்மையிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுப் பாருங்கள். யாரைப் பார்க்க வேண்டும், யாரிடம் சமாதானம் ஆக வேண்டும், எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்றெல்லாம் சொல்லும் வாய்ப்பை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கத்தோலிக்கர். சாமியாரைக் கூப்பிட்டால் அம்மைக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, நினைவு தப்பிய பிறகே, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலுக்கு ஆள் அனுப்பும் குடும்பங்களை நான் அறிவேன். அந்த அருள்சாதனம் கடைசி மூச்சுக்கானது மட்டுமல்ல என்று போப் 6-ஆம் பால் 1972-இல் சடங்கையே திருத்தினார். வீடுகளில் பழைய பயம் அப்படியே இருக்கிறது.

அதற்காக இன்று மாலையே போய் அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டாம். ஒரு நாள் தனியாக உட்கார்ந்து, “அம்மா, டாக்டர் சொன்னதையெல்லாம் உங்களுக்குச் சொல்லணுமா, நாங்களே பார்த்துக்கணுமா?” என்று கேளுங்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால், அது அவருடைய முடிவு. அதை மதித்து மௌனமாக இருப்பது பொய் அல்ல. சொல் என்றால் சொல்லுங்கள். இரண்டிலும் அல்சர் என்ற சொல்லை இனிப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் மனைவி சொன்னது சரி, சொன்ன விதம் கொஞ்சம் கட்டளைத்தனமாக இருந்திருக்கலாம்.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர்: எங்கள் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிப் படிக்கிறார். இது சரியா?

அடுத்தவர் எழுதியதைப் பிரசங்க பீடத்தில் படிப்பது புதிதல்ல. 1547-இல் இங்கிலாந்துத் திருச்சபை, சொந்தமாகப் பிரசங்கிக்கத் தெரியாத குருக்கள் வாசிப்பதற்கென்றே ஒரு பிரசங்கத் தொகுப்பை அச்சிட்டது. ஆனால் அதை எழுதியவர்கள் தாங்கள் எழுதியதற்குப் பொறுப்பேற்றார்கள். 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவைக் குறித்து வத்திக்கான் வெளியிட்ட ஆவணம் இந்த இடத்தைத் தெளிவாகப் பிடிக்கிறது: ஒழுக்கப் பொறுப்பு மனிதனுக்கு மட்டுமே உண்டு, இயந்திரத்துக்கு இல்லை. உங்கள் உபதேசியார் அதில் வரும் ஒவ்வொரு வரியையும் வேதத்தோடு ஒத்துப்பார்த்து, இது என் சொல் என்று நிற்பாரானால் நான் சண்டைக்கு வர மாட்டேன். போன வாரம் சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தது என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது. அது பிரசங்கத்தில் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு சகோதரி: 2017-இல் ஒக்கிப் புயலில் என் தம்பி கடலில் போனான். உடல் கிடைக்கவில்லை. அண்மையில் ஒரு கூட்டத்தில், கடற்கரையின் பாவத்துக்காகவே தேவன் புயலை அனுப்பினார் என்று பிரசங்கித்தார்கள். அதே மேடையில் தப்பி வந்த ஒருவர், கர்த்தருடைய கிருபை என்னைக் காத்தது என்று சாட்சி சொன்னார். அப்படியென்றால் என் தம்பிக்குக் கிருபை இல்லையா?

சகோதரி, அந்தப் பிரசங்கத்துக்கான பதிலைக் கர்த்தரே சொல்லிவிட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே மறுத்தார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் அந்தக் கணக்கை அவர் ஏற்கவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் மூவரும் தேவனுக்காகவே வாதாடினார்கள். கடைசியில் கண்டிக்கப்பட்டவர்களும் அவர்கள்தான். 1755 நவம்பர் முதல் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலையில், லிஸ்பன் நகரத்துக் கோவில்கள் நிரம்பியிருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள்மேல்தான் கூரைகள் விழுந்தன. பாவத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் அந்த நாளுக்கு என்ன கணக்கு எழுதுவார்கள்?

ஒக்கிக்கு வேறு கணக்கு இருக்கிறது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை. புயல் மிகக் குறுகிய நேரத்தில் வலுத்தது, அவர்களோ பல நாள் முன்பே போய்விட்டார்கள். கரையில் எச்சரிக்கை கொடுத்தாலும் அந்தத் தூரத்துக்கு வயர்லெஸ் எட்டாது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி அனுப்பும் கருவி 2019 அக்டோபரில்தான் அறிமுகமானது. புயல் தண்டனை என்றால் அந்தக் கருவி தேவனுடைய தீர்ப்பைத் தடுக்கும் கருவி ஆகிவிடும். அதைப் படகில் பொருத்துகிறவர்களைப் பாவிகள் என்று யாரும் சொல்லக் காணோம். தேவசித்தம் என்ற சொல்லை அவசரமாக எடுக்கும்போது, மனிதர் செய்திருக்க வேண்டியது அதன் கீழே புதைந்துவிடுகிறது.

இதனால் உங்கள் துக்கத்துக்குப் பதில் கிடைத்துவிடாது என்று எனக்குத் தெரியும். தேவன் ஏன் புயலைத் தடுக்கவில்லை என்பதற்கு மெய்யியலாளர்களிடம் கெட்டிக்காரத்தனமான பதில்கள் உண்டு. தீமை மனிதனின் சுயாதீனத்தால் வருகிறது என்ற வாதத்தை ஆல்வின் பிளான்டிங்கா 1970-களில் மிகக் கூர்மையாக்கினார். போரையும் கொலையையும் அது ஓரளவு தாங்கும். காற்றுக்குச் சுயாதீனம் ஏது? 2024-இல் மறைந்த ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மான் 17 வயதில், 1943 ஜூலையில், ஹாம்பர்க் நகரக் குண்டுவீச்சில் அகப்பட்டார். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனான். அன்றிரவு அவருக்குள் எழுந்த கேள்வி, தேவன் ஏன் விட்டார் என்பது அல்ல, தேவன் எங்கே இருக்கிறார் என்பது. அதற்குச் சிலுவையில் எழுந்த கூக்குரலைக் காட்டி, பாடுபடுகிறவர்களோடு தேவனும் பாடுபடுகிறார் என்று பின்னாளில் அவர் எழுதினார். கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் அதற்கு எதிராக ஒன்று சொன்னார்: நான் கிடக்கும் அதே இக்கட்டில் தேவனும் கிடந்தால் எனக்கு அதனால் என்ன உதவி? இது நியாயமான கேள்வி. நான் பல ஆண்டு மாணவர்களுக்கு இருபக்கமும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வயதாக ஆக மோல்ட்மான் பக்கம் சாய்கிறேன், ஆனால் ரானரின் கேள்வியைக் கீழே வைக்க என்னால் முடியவில்லை.

தப்பி வந்தவர் நன்றி சொன்னதில் தவறில்லை. கரையேறியவன் வேறு என்ன சொல்வான்? நன்றி சொல்வது ஒன்று, காரணம் கற்பிப்பது இன்னொன்று. நான் பிழைத்தேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் உங்கள் மனம் புண்பட்டிருக்காது. நான் தேர்ந்துகொள்ளப்பட்டேன் என்று பொருள்படும்படி அதை மேடையேற்றியவர்கள்தான் பிழை செய்தார்கள். உங்கள் தம்பி கிருபைக்கு வெளியே போகவில்லை. கிருபை என்பது உயிர்தப்புதல் என்றால் கல்வாரியில் அது அறவே இருந்திருக்காது.

களியக்காவிளையிலிருந்து ஒருவர்: எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் இடமே இல்லை. எனக்குப் பின் என்னைத் தகனம் செய்துவிடு என்று மகனிடம் சொன்னேன், அவன் மறுக்கிறான். எரித்தால் உயிர்த்தெழுதல் எப்படி என்கிறான்.

கி.பி. 177-இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்களும் உங்கள் மகனைப் போலத்தான் நினைத்தார்கள். இரத்தசாட்சிகளின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இனி இவர்கள் எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பது அவர்கள் பேச்சு. அவர்கள் எழ மாட்டார்கள் என்று சபையார் ஒருவரும் நம்பவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை 1963-இலேயே தகனத்துக்கு இருந்த தடையை நீக்கிவிட்டது, விசுவாசத்தை மறுக்கும் நோக்கம் இல்லாதவரை. அடக்கத்தையே இன்னும் விரும்புகிறது என்பதும் உண்மை. 2016-இல் வந்த வழிகாட்டுதலின்படி சாம்பலைப் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும்; ஆற்றிலோ கடலிலோ தூவக் கூடாது, வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளவும் பொதுவாக அனுமதியில்லை. 2020 ஜூலையில் கொரோனாவால் இறந்தவர்களை ஆலப்புழை மறைமாவட்டத்தில் பங்குக் கல்லறைத் தோட்டங்களிலேயே தகனம் செய்து சாம்பலை அடக்கினார்கள். அப்போது கேரளம் முழுவதும் அது பேச்சாக இருந்தது, இப்போது மறந்துவிட்டார்கள்.

உங்கள் மகனை ஒருநாள் அந்தத் தோட்டத்தின் மூலையிலுள்ள அஸ்திக்குழி வரை கூட்டிக்கொண்டு போங்கள். குழியைத் திரும்பவும் பயன்படுத்தும்போது தோண்டி எடுத்த எலும்புகளையெல்லாம் அதில்தானே சேர்க்கிறார்கள். அவனுடைய பாட்டாவின் எலும்பு இப்போதே பக்கத்து வீட்டுக்காரருடையதோடு கலந்துதான் கிடக்கிறது. அவன் ஒத்துக்கொண்டால், விருப்பத்தைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அவனிடம் கொடுங்கள். சாம்பலை வைக்கக் கல்லறைத் தோட்டச் சுவரில் மாடங்கள் கட்டலாமா என்று பங்குப்பேரவையில் இப்போதே கேட்டு வையுங்கள். சுவர் ஏற்கெனவே இருக்கிறது.